டமாஸ்கஸ் எஃகும் அடுக்கெஃகும்

கத்திக் கடைகளில் 'டமாஸ்கஸ்' என்ற சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. அலகின் மேல் நீரலை போலவோ மர ரேகை போலவோ வரி ஓடினால் போதும், டமாஸ்கஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பெயருக்குள் இரண்டு வேறு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று, மண்குகைக்குள், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்துக்குள், இரும்பை முழுக்க உருக்கி எடுத்தது. மற்றது, இரும்பை உருகவே விடாமல், தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. இன்று கத்தி செய்பவர்கள் டமாஸ்கஸ் என்று தருவதில் மிகப் பெரும்பாலானது இரண்டாவது வகை. முதல் வகைக்கோ தமிழ், கன்னட, தெலுங்கு நிலங்களோடு நேரடி உறவு உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவைத்தால், நம் உலைகளின் வரலாறு வேறொரு பொருளின் விளம்பரத்துக்குப் போய்விடுகிறது. அதனால் தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

டமாஸ்கஸ் சிரியாவின் தலைநகர். பூவேலை நெய்த 'டமாஸ்க்' துணிக்கும் அந்த ஊர்தான் பெயர் தந்தது. எஃகுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அந்த ஊரில் வாள் செய்யப்பட்டதாலும் விற்கப்பட்டதாலும் வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் டமாஸ்கஸில் செய்த வாள்களையும் சேர்த்திருக்கிறார். நீரோட்டத்தைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், பேர்பெற்ற அந்த வாள்களின் மூலப்பொருள் சிரியாவின் சொந்தச் சரக்கு அல்ல. இந்திய எஃகில் செய்த வாளுக்கு அரபியில் 'முஹன்னத்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. 'ஹிந்த்' என்ற நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. சரக்கு எங்கிருந்து போனது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

அந்தச் சரக்கை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றார்கள். பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் 1794இல் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சில கட்டிகளை அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் எழுதிய கட்டுரையில்தான் அந்தச் சொல் அச்சேறியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு 'உக்கு' என்று பெயர். அதை 'வுக்' என்று காதில் வாங்கி எழுதியது அச்சுப் பிழையால் 'வூட்ஸ்' ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உக்கு இன்றும் உயிருள்ள சொல். விசாகப்பட்டினத்தில் எஃகு ஆலை கேட்டு 1966இல் ஆந்திரம் கொதித்தபோது எழுந்த முழக்கம் 'விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு'. விசாக எஃகு ஆந்திரரின் உரிமை என்று பொருள்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: எஃகு, உருக்கு. எஃகு பழைய சொல். பழைய நூல்களில் அது உலோகத்தைவிட ஆயுதத்தையும் அதன் கூர்மையையுமே அதிகம் குறிக்கும். 'செய்க பொருளைச் செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரிய தில்' என்ற குறளில் (759) எஃகு பகைவரின் செருக்கை அறுக்கும் ஆயுதம். 'ஊராண்மை மற்றதன் எஃகு' என்னும் இடத்தில் (773) அது வீரத்தின் கூர்மை. வேலுக்கே எஃகு என்று பெயருண்டு. ஆயுதத்தின் பெயர், அதற்கு ஏற்ற உலோகத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

உருக்கு அப்படியல்ல, செய்முறையையே பெயராகக் கொண்டது. உருக்கி எடுத்தது உருக்கு. மலையாளத்தில் இன்றும் எஃகுக்கு அதுதான் பெயர். வூட்ஸ் செய்த விதத்தைப் பார்த்தால் இந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். தேனிரும்பை, அதாவது கார்பன் மிகக் குறைந்த மெல்லிரும்பை, சிறு துண்டுகளாக்கி மண்குகையில் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங் குச்சிகள், மேலே எருக்கிலை. வாயைக் களிமண்ணால் மூடிக் குகைகளை உலையில் அடுக்கித் துருத்தி போடுவார்கள். சேலம் வட்டாரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இரும்புத் தொழிலில் இறங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் இதை 19ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். மூடிய குகைக்குள் விறகும் இலையும் கரியாகி, அந்தக் கார்பனை இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்கும். கடைசியில் உள்ளே இருப்பது முழுக்க உருகி, ஆறியபின் ஒரு சிறு கட்டியாகக் கிடைக்கும். அதில் கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. திருவண்ணாமலைப் பக்கம் மேல்சிறுவளூரில் குகை எஃகு செய்த இடத்தை சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டார். தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்களே நேரில் வந்து வாங்கிப்போனார்கள்.

வூட்ஸ் வாளின் வரிகள் யாரும் அடுக்கி உண்டாக்கியவை அல்ல. கட்டி மெல்ல ஆறும்போது உள்ளேயே விதைபட்டவை. வனேடியம் போன்ற தனிமங்கள் மிக நுண்ணிய அளவில் இருந்தால், அவை ஒதுங்கிய இடங்களில் கடினமான கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த பொருள்) துகள்கள் வரிசை கட்டும் என்று உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் செய்து காட்டினார்கள். ஆனால் அந்த வரிகள் தங்க வேண்டுமானால் கட்டியைக் குறைந்த சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். மஞ்சள் தாண்டிக் காய்ச்சினால் வரி கரைந்துவிடும், கட்டியே பொடிந்தும் போகும். தங்கள் ஊர் இரும்பைப் போல வெண்சூட்டில் வைத்து அடித்த ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் தோற்றது இதனால்தான்.

இனி இரண்டாவது வகை. அதற்கு உயிரே அந்த உயர்ந்த சூடுதான்.

இதுவும் பழைய கலை, ஆனால் வேறு ஊர்க் கலை. வட ஐரோப்பாவில் ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங் காலக் கொல்லர்கள் இரும்புக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்தடித்து வாள் செய்தார்கள். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் தோண்டியெடுத்த வாள் அப்படிப்பட்டது. இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'பேட்டர்ன் வெல்டிங்' என்ற பெயரை 1948இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் மேரியன். பெயரை மீண்டும் குழப்பியது 1973. அமெரிக்கக் கத்திக் கொல்லர் வில்லியம் மோரன் அடுக்கி அடித்த தன் கத்திகளை 'டமாஸ்கஸ்' என்று காட்சிக்கு வைத்தார். கலை மறுபிறவி எடுத்தது நல்ல விஷயம். அந்தச் சிரிய ஊரின் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

பட்டறையில் இது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். பலரும் எடுப்பது 1084, 15என்20 என்ற இரண்டு எஃகுகள். முதலாவதில் கார்பன் ஏறக்குறைய 0.84 சதவீதம், மாங்கனீசும் உண்டு. இரண்டாவது ரம்பப் பட்டைகளுக்கான எஃகு; அதில் 2 சதவீதம் நிக்கல். தகடுகளின் மேலுள்ள கறுப்புத் தோலை மினுங்கும்வரை தேய்த்தெடுத்து, ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கி, முனைகளில் வெல்டு வைத்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியையும் பற்றவைப்பார்கள். உலையில் கட்டி சிவக்கும்போது வெளியே எடுத்து வெங்காரம் (போராக்ஸ்) தூவ வேண்டும். பொற்கொல்லர் பொடிவைத்து ஊதும்போது வைக்கும் அதே வெங்காரம். 743 டிகிரி செல்சியஸில் அது உருகிக் கண்ணாடிப் பாகாகி இடுக்குகளில் இறங்கும்; அங்கே உண்டாகும் துருவைக் கரைத்து, காற்றையும் தடுக்கும்.

பிறகு சூட்டை 1,200 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும். அப்போது கட்டியின் மேற்பரப்பு உருக்கிய நெய் பூசியதுபோல் பளபளத்து ஓடும். அந்தக் கணத்தில் எடுத்து அடைகல்லில் வைத்து முதல் அடியை மெல்லத்தான் கொடுக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். உருகிய வெங்காரம் நான்கு பக்கமும் பீய்ச்சித் தெறிக்கும். தோல் மேலாடையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே நிற்கவே கூடாது. ஒட்டியதா என்பதைக் கட்டி ஆறும்போது பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் மேல்தகடு மட்டும் முந்திக் குளிர்ந்து, செக்கச் சிவந்த கட்டியில் கறுத்த நிழலாகத் தெரியும். அங்கே மறுபடி வெங்காரம், மறுபடி சூடு. இத்தனைக்கும் இரும்பு எங்கும் உருகுவதில்லை. சுத்தமான இரண்டு பரப்புகளை நெருக்கிப் பிடித்தால், அந்தச் சூட்டில் அணுக்களே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

ஒட்டிய கட்டியை நீட்டி அடித்து, வெட்டி, திரும்ப அடுக்கினால் அடுக்கு பெருகும். 7 தகடுகளை நீட்டி மூன்றாக வெட்டி அடுக்கினால் 21, மறுபடி மூன்றாக்கினால் 63, நான்காக்கினால் 252. அடுக்கு கூடக்கூடப் பலமும் கூடும் என்ற பேச்சில் உண்மை இல்லை. அந்தச் சூட்டில் கார்பன் தகடுவிட்டுத் தகடு பரவி எங்கும் ஏறக்குறைய சமமாகிவிடும். நிக்கல் அசைய மறுப்பதால்தான் வரி தங்குகிறது. எண்ணிக்கை மிஞ்சினால் வரி கண்ணுக்கே தெரியாமல் போகும். கத்தியின் பலம் நல்ல எஃகிலும், காய்ச்சிய அலகை ஒழுங்காக எண்ணெயில் துவைச்சல் போட்டு, அதாவது சட்டென முக்கிக் குளிர்வித்து, 200 டிகிரி சுமாரில் மறுசூடு காட்டுவதிலும் இருக்கிறது. வடிவங்கள் அலகைச் செதுக்கும் விதத்தில் பிறக்கின்றன: சதுரக் கம்பியாக்கி முறுக்கினால் முறுக்கு வரி, குறுக்கே பள்ளம் வெட்டித் தட்டையாக அடித்தால் ஏணி வரி, குழி துளைத்து அடித்தால் மழைத்துளி வரி. கடைசியில் தேய்த்து மெருகிட்ட அலகை உலோகத்தை அரிக்கும் நீர்த்த ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால், 1084 கறுத்து நிற்கும், நிக்கல் உள்ள தகடு வெள்ளியாக மினுங்கும். அதுவரை அலகு வெறும் சாம்பல் நிறம்.

ஆக, குகையில் உருகிப் பிறந்ததற்கு 'உருக்கு' என்றே சொல்லலாம். தெளிவு வேண்டிய இடத்தில் 'குகை உருக்கு'. அடுக்கி அடித்ததற்கு 'அடுக்கெஃகு' என்பதே என் தேர்வு. 'வரியெஃகு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் வரி இரண்டுக்கும் பொது, அடுக்கு ஒன்றுக்கே உரியது. 'பற்றவைத்த எஃகு' என்றால் வெல்டிங் பட்டறை நினைவுதான் வரும். டமாஸ்கஸ் என்ற சொல்லை அந்த ஊரின் வாள்களைப் பற்றிப் பேசும்போது வைத்துக்கொள்வோம்.

வாங்குபவருக்கு இந்தப் பிரிவு கையோடு உதவும். கடையில் '67 அடுக்கு' என்று வரும் ஜப்பானிய வகைச் சமையல் கத்திகளில், நடுவே விஜி-10 போன்ற ஒரே எஃகு. இருபுறமும் 33, 33 அடுக்குகள் போர்வை மட்டுமே. வெட்டும் விளிம்பில் வரி இருக்காது, இருக்கவும் தேவையில்லை. சாதாரண அலகின் மேல் லேசரில் பொறித்த போலி வரிகளும் சந்தையில் உண்டு. ஓர் ஓரத்தைத் தேய்த்து மெருகிட்டு மீண்டும் ஃபெரிக் குளோரைடு தடவினால், அடுக்கெஃகில் வரி திரும்ப எழும். போலியில் தேய்த்த இடம் வெறுமையாகவே கிடக்கும்.