ஜென்மப் பாவம்: சொல்லும் பொருளும்

கிறிஸ்தவப் போதனையில் ஜென்மப் பாவம் என்பது ஒருவர் செய்த குற்றத்தின் பெயர் அன்று. முதல் மனிதரான ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியால் மனித இயல்புக்கே நேர்ந்த குறை. கடவுளின் அருளை இழந்த நிலையிலேயே பிறப்பது. நாமாகச் செய்பவற்றுக்குக் ‘கர்ம பாவம்’ என்று பெயர்.

‘பாவம்’ வடசொல். குறளிலேயே (146) வந்துவிட்டது. தமிழ்க் காதுக்கு அது செயல்தான், செய்தால்தான் பாவம். (இரக்கப்பட்டு ‘ஐயோ பாவம்’ என்பது வேறு கதை.) விவிலியச் சொற்கள் அப்படி நிற்பதில்லை. பாவத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான ‘ஹத்தாத்’தின் வேர்வினைக்குக் ‘குறி தவறுதல்’ என்றும் பொருள் உண்டு. நியாயாதிபதிகள் 20:16-இல் இடக்கைப் பழக்கமுள்ள 700 பேர் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிந்தார்கள் என்ற இடத்தில் ‘தப்புதல்’ அந்த வினைதான். பாவத்துக்கான கிரேக்கச் சொல் ‘ஹமார்த்தியா’வும் இதே வழியில் வந்தது. ஆதாம் ஏவாள் வீழ்ச்சியைச் சொல்லும் ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் ‘பாவம்’ என்ற சொல்லே கிடையாது. முதன்முதலில் 4:7-இல், காயீனின் வாசற்படியில் படுத்திருக்கும் ஒன்றாக வருகிறது.

‘ஜென்மப் பாவம்’ என்பதன் இலத்தீன் மூலத் தொடரை உருவாக்கியவர் ஆயரும் இறையியலாளருமான புனித அகுஸ்தீன். 396-ஐ ஒட்டி எழுதிய நூலில் ‘பெக்காத்தும் ஒரிகினாலே’ என்கிறார். ரோமர் 5:12-க்கு அவர் கையிலிருந்த இலத்தீன் பாடத்தை ‘அவனுக்குள் (ஆதாமுக்குள்) எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று படித்தார்; கிரேக்க மூலமோ ‘எல்லாரும் பாவம் செய்ததால்’ என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. பிளவு இங்கேதான். கீழை (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகள் ஆதாமிடமிருந்து சாவும் சீர்கேடும் வந்தன, குற்றப்பொறுப்பு வரவில்லை என்கின்றன. 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், இந்தப் பாவம் பிறப்பின் வழியே வருகிறது, பார்த்துப் பழகி வருவதில்லை என்று வரையறுத்தது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அதை நீக்கினாலும், தீமையின் பக்கம் இழுக்கும் இச்சை தங்கிவிடும். அந்த இச்சை உண்மையான பொருளில் பாவம் அன்று, பாவத்துக்குச் சாய்ப்பது மட்டுமே என்றும் சொன்னது. புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு அந்த இச்சையே பாவம்தான்.

தமிழில் எதை எழுதுவது? ‘ஜென்ம’ என்றதும் வாசகர் மனம் முற்பிறவிக்கும், ‘கர்ம’ என்றதும் வினைப்பயனுக்கும் தாவுகிறது. இரண்டும் கிறிஸ்தவப் போதனையில் இல்லை. ‘ஆதிப் பாவம்’ என்றால் ஆதாமின் செயலோடு பேச்சு முடிந்துவிடும். கத்தோலிக்கர் இன்று எழுதும் ‘பிறப்புநிலைப் பாவம்’ பொருத்தமானது. அதிலுள்ள ‘நிலை’ இது செயல் அன்று என்று காட்டிவிடுகிறது. ‘பிறவிப் பாவம்’ என்று சுருக்கினால் அந்த லாபம் போய்விடும். பழைய செபங்களை மேற்கோள் காட்டும்போது மட்டும் ‘ஜென்மப் பாவம்’ அப்படியே இருக்கட்டும்.

வழக்கமாக நேரும் பிழைகள் சில. ‘என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்’ என்னும் சங்கீதம் 51:5-ஐக் காட்டித் தாம்பத்திய உறவையே பாவம் என்பது தவறு. குழந்தை தவறிழைத்தது என்பதும் அப்படியே. கத்தோலிக்க மறைக்கல்வி இதை ‘இழைத்த’ பாவம் அன்று, ‘வந்து ஒட்டிய’ பாவம் என்கிறது, ‘பாவம்’ என்ற பெயரையும் ஒப்புமையாகவே தருகிறது. எல்லாவற்றிலும் அதிகம் குழம்புவது ‘அமலோற்பவம்’. 1854 டிசம்பர் 8-இல் திருத்தந்தை (போப்) ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த இந்தக் கோட்பாடு, மரியா தம் தாயின் வயிற்றில் உருவானபோதே பிறப்புநிலைப் பாவமின்றிக் காக்கப்பட்டார் என்பதைப் பற்றியது. அவர் கன்னியாக இயேசுவைக் கருத்தாங்கியதைப் பற்றியது அன்று.