லீவு முடிந்து வேலைக்குப் போனால் நெஞ்சு அடைக்கிறதா?

பஞ்சாலையில் வேலை செய்கிறவர் இருமல், இளைப்பு என்று வந்தால் நான் முதலில் கேட்பது, "எந்த நாளில் அதிகமா இருக்கு?" என்றுதான். பீடி பழக்கம், பரம்பரை ஆஸ்துமா எல்லாம் அப்புறம். "வார லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் டாக்டர், மத்த நாள் பரவாயில்லை" என்று சொன்னால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

இதன் பெயர் பிஸ்ஸினோசிஸ், பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய். பஞ்சுப் பொதியைப் பிரிக்கிற புளோரூமிலும் பஞ்சைச் சீவுகிற கார்டிங்கிலும் தூசி அதிகம், அங்கே பறப்பது வெறும் பஞ்சு இல்லை, காய்ந்த இலைத் துணுக்கு, அதில் ஒட்டிய பாக்டீரியாவின் நச்சு எல்லாம் சேர்ந்தே மூச்சுக்குள் போகிறது. இரண்டாம் நாள் இறுக்கம் தளர்வதால் உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழகுவதில்லை. வருடங்கள் போகப்போக எல்லா நாளும் அடைக்கும், அதற்குப் பிறகு மில்லை விட்டு நின்றாலும் நுரையீரல் முழுதாகத் திரும்பாது.

என் ஆரம்ப காலத்தில் ஒருவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் கொடுத்து அனுப்பினேன், எந்தப் பகுதியில் வேலை என்று கேட்கவே இல்லை. நான்காம் முறை மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் புளோரூம். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

சீட்டில் எழுதுகிற பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் இந்த நோய் உண்டு, பார்த்த மருத்துவர் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள கடமை. இ.எஸ்.ஐ. திட்டத்துக்கான தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது, அதனால் ஊனத்துக்கான பணப் பயன் கேட்க வழி உண்டு. ஆஸ்துமா என்று எழுதிவிட்டால் இந்தக் கதவு எதுவும் திறக்காது, மில்லுக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடும்.

அமெரிக்காவில் 1978ல் நூற்பாலைக் காற்றில் பஞ்சுத் தூசி ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டும் 1981ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. அந்த விதியில் உள்ள ஊதிப் பார்க்கும் சோதனையை இங்கேயும் கேட்டு வாங்கலாம்: குறைந்தது 35 மணி நேரம் தூசி படாமல் இருந்துவிட்டு, ஷிப்டுக்குள் நுழையும் முன் ஒருமுறை, நான்கு மணி நேரமாவது வேலை செய்தபின் இன்னொருமுறை. மூச்சு எவ்வளவு குறைந்தது என்று காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது போதாது, நுண்தூசி அதைத் தாண்டிப் போகும். மெஷினிலேயே தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும், அது நிர்வாகத்தின் வேலை. நீங்கள் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருடம், எந்த நாளில் அடைக்கிறது என்ற மூன்றையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள்.