‘பௌரி’ அல்ல, பாவுரி

2021 மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலில் பாங்குரா மாவட்டத்துச் சால்தோரா தொகுதியில் சந்தனா பாவுரி வென்றார். கொத்தனார் ஒருவரின் மனைவி. அவர் பெயரின் பின்பாதி அவருடைய சமூகத்தின் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் ‘பௌரி’ என்றுதான் வரும். வங்காளத்திலும் ஒடியாவிலும் முதல் எழுத்து நெடில். பா, உ, ரி என்று பிரிந்து ஒலிக்கிறது. ஆகாரத்தை அடுத்து உகரம் வந்தால் இடையில் வகர உடம்படுமெய் வருவது நம் இலக்கணம். ஆகவே பாவுரி.

வங்கத்தின் நாடோடிப் பாடகர்களான பாவுல்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடமேற்கு இந்தியாவில் வேட்டையாடி வாழ்ந்த பாவரியா மக்களும் வேறு.

பாவுரி மக்கள் அதிகம் இருப்பது பாங்குரா, புருலியா, கிழக்கு பர்தமான், மேற்கு பர்தமான், பீர்பூம் மாவட்டங்களில். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் உண்டு. மூன்று மாநிலங்களிலும் பட்டியல் சாதி. மேற்கு வங்கத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது? 1891இல் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி ஒரு கதையைப் பதிவு செய்தார். பாஹக ரிஷி, அதாவது ‘சுமப்பவர்’, இவர்களின் மூதாதை. அவர் வழிவந்தவர்கள் தூக்கிவந்த கல்யாணப் பல்லக்கை விற்றுக் குடித்து, குருவையே அடித்ததால் சாபம் பெற்றுத் தாழ்ந்தார்களாம். இதைச் சொற்பிறப்பாக நான் ஏற்கமாட்டேன். பல்லக்குச் சுமந்தவர்களைத் தாழ்த்தி வைத்த பிறகு, அதற்குக் கட்டிய காரணமாகவே படுகிறது.

உட்பிரிவுப் பெயர்கள்தான் அவர்கள் வாழ்க்கையைக் காட்டுகின்றன. மல்லபூமியா, விஷ்ணுபூர் மன்னர்களின் மல்லபூமியிலிருந்து வந்த பெயர். பஞ்சகோட்டி, பஞ்சகோட் சமஸ்தானத்தைக் குறிப்பது. கோபரியா என்பது சாப்பிட்ட இடத்தைச் சாணியால் மெழுகும் வழக்கத்தால் வந்ததாம். ஜாட்டியா, மெழுகாமல் கூட்டி மட்டும் விடுகிறவர்கள். இந்தச் சின்ன வேறுபாட்டுக்குக்கூட ஒரு பெயர் இருந்திருக்கிறது!

வயலில் கூலி, மண்வேலை, பல்லக்கு. அப்புறம் மேற்கு வங்கத்து ராணிகஞ்சில் நிலக்கரி. அங்கே தொடக்கத்தில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் சந்தால் பழங்குடியினரும் பாவுரி மக்களும் முக்கியமானவர்கள். ஆண் வெட்டுவார், பெண் கூடையில் சுமப்பார். வெட்டுகிறவர் மால்கட்டா, கூலிப் பெண் காமின். 1929 விதிகள் பெண்களைச் சுரங்கத்தின் அடியிலிருந்து படிப்படியாக வெளியேற்றின. பாதுகாப்புக்காக என்றார்கள். ஆனால் குடும்பமாக உழைத்தவர்களுக்குப் பெண்ணின் கூலி போனது. போர்க்காலத்தில், 1943இல், ஆள் தேவைப்பட்டதும் அதே பெண்களைத் திரும்ப இறக்கினார்கள். 1946இல் மீண்டும் தடை.

பாத்ரா மாதம் வந்தால், அதாவது நம் ஆவணி வாக்கில், பாவுரிப் பெண்கள் பாது என்ற பெண் தெய்வத்துக்கு மாதம் முழுக்கப் பாடுகிறார்கள். அவள் பஞ்சகோட் இளவரசி என்பது நம்பிக்கை. மாதக் கடைசியில் சிலையை நீரில் விடுவார்கள். பாம்புத் தெய்வமான மனசாவும் இவர்களுக்கு நெருக்கமானவள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சமூகப் பெயருக்கு மொழிபெயர்ப்பு கூடாது. ‘பல்லக்குத் தூக்கிகள்’ என்று எழுதினால் பழைய தாழ்வை நாமே மறுபடி சுமத்துகிறோம். பாவுரி மக்கள் எனலாம். அர் விகுதி சேர்த்துப் பாவுரியர் என்றால் இன்னும் நன்று. அவர்கள் குடியிருப்பு பாவுரிபாடா. இதற்குச் ‘சேரி’ பொருந்தும் என்று சிலர் நினைக்கலாம். ராஜராஜன் கல்வெட்டில் கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் உண்டு, அன்று அது வெறும் குடியிருப்புதான். இன்று அந்தச் சொல் காயப்படுத்துகிறது. பாவுரித் தெரு என்பதே போதும்.

ஒடிசாவில் இந்தப் பெயர் பக்தியோடு சொல்லப்படுவதும் உண்டு. புரிக்கு அருகே பாலிகாவில் வாழ்ந்த நெசவாளி தாசியா பாவுரிக்குக் கோயிலுக்குள் நுழைய உரிமையில்லை. ஒரு பிராமணரிடம் தேங்காயைக் கொடுத்து, “ஜகந்நாதர் தம் கையாலேயே வாங்கினால் கொடுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்” என்றாராம். கை நீண்டது, தேங்காயை வாங்கிக்கொண்டது என்கிறது அந்த ஊர்க் கதை.