சர்வோ: ஏவினால் திரும்பும் பொறி

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ரயில்வே கேட் மாதிரி ஒன்று செய்ய, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நிரல் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒயர்களைத் துளையில் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஐஸ் குச்சிகளை ஒட்டிச் செய்த கேட், அதைத் தூக்கி இறக்க நீல நிறத்தில் ஒரு குட்டி சர்வோ. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சர்வோன்னா என்ன மாமா? பெட்ரோல் பங்க்குல ஆயில் டப்பாவுல போட்டிருக்குமே, அதுவா?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். நம் ஊரில் பலர் அந்தச் சொல்லை முதலில் பார்ப்பது இண்டியன் ஆயிலின் எஞ்சின் ஆயில் டப்பாவில். அதை விட்டால் சர்வோ ஸ்டெபிலைசரில். என்ன பொருள் என்று யாரும் நின்று கேட்பதில்லை.

சொல்லின் வேர் லத்தீன். ‘செர்வுஸ்’ என்றால் அடிமை. ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிற சர்வர், பஸ் சர்வீஸ், கணினி சர்வர் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. ஆனால் சர்வோ மோட்டார் என்ற பெயர் பிறந்தது பிரெஞ்சில். ஜோசப் ஃபர்கோ என்ற பொறியாளர் கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் பொறி ஒன்றை உருவாக்கினார். அதைப் பற்றி 1873இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே விளக்கமும் இருக்கிறது: ‘செர்வோ-மோத்தர், அதாவது அசெர்வி மோத்தர்’. அசெர்வி என்றால் அடிமைப்படுத்தப்பட்ட. பட்டாளத்துக்காரரைச் ‘சொல்தா’ என்று பிரெஞ்சிலேயே அழைத்துப் பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு, இந்தச் சொல்லும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

ஃபர்கோவின் பொறியில் மின்சாரம் கிடையாது. சுக்கான் பிடிப்பவர் பிடியைக் கொஞ்சம் நகர்த்தினால் நீராவி வால்வு திறக்கும், சுக்கான் திரும்பத் தொடங்கும். கேட்ட அளவுக்குத் திரும்பியதும், சுக்கானின் அசைவே அந்த வால்வை மூடிவிடும். சர்வோ என்ற சொல்லுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. மோட்டாரில் அது ஒரு ரகம் என்று நினைத்தால் பாதிதான் புரியும். சொன்ன இடம் எது, நான் நிற்கும் இடம் எது என்று ஓயாமல் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை நகர்வது, தீர்ந்ததும் நிற்பது: அந்த ஒழுங்குக்குப் பெயர்தான் சர்வோ.

9 கிராம் எடையுள்ள அந்த நீலப் பெட்டிக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. ஒரு சின்ன டிசி மோட்டார், வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பல்சக்கரங்கள், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. அப்புறம், பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்குமே, அதே மாறுமின்தடை. அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்வது அதுதான். கட்டளை வரும் ஆரஞ்சு ஒயரில் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வரும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடி என்றால் நடுவில் நில். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘அடிமை மோட்டார்’ எனக்குப் பிடிக்கவில்லை. மனிதர்மேல் இழைத்த கொடுமையின் பெயரைப் பல்சக்கரத்துக்குச் சூட்ட வேண்டியதில்லை. ‘பணி’ நல்ல சொல், வேலை என்றும் கீழ்ப்படி என்றும் பொருள் தரும். ஆனால் ‘பணி மோட்டார்’ என்றால் வேலை செய்கிற மோட்டார் என்றுதான் காதில் விழும். எந்த மோட்டார்தான் வேலை செய்யாது?

என் தேர்வு ‘ஏவல்’. ஏவலாள் என்கிறோம், ஏவுகணை என்கிறோம். இலக்கணத்தில் ‘நில்’, ‘திரும்பு’ போன்ற கட்டளைச் சொற்களை ஏவல் வினை என்கிறோம். ஆரஞ்சு ஒயரில் போகும் ஒவ்வொரு துடிப்பும் ஓர் ஏவல் வினைதானே! பில்லி, சூனியம், ஏவல் என்ற வரிசை சிலருக்கு நினைவுக்கு வரும். அங்கேயும் பொருள் ஒன்றுதான், அனுப்பிய காரியத்தை முடிப்பது. பேச்சில் ஏவல் மோட்டார், எழுத்தில் ஏவல் மின்னோடி. பொறி நீராவியில் ஓடினாலும் எண்ணெய் அழுத்தத்தில் ஓடினாலும் ‘ஏவல்’ பொருந்தும்.

இந்தப் பொருள் மனத்தில் இருந்ததால்தான் அன்று மாலை பழுது பார்க்க முடிந்தது. சர்வோவின் சிவப்பு ஒயரை ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் செருகி, லேப்டாப்பிலிருந்து மின்சாரம் கொடுத்தோம். கேட் பாதி தூரம் ஏறி நடுங்கியது. பலகையில் விளக்கு அணைந்து எரிந்தது, நிரல் முதலிலிருந்து ஓடியது. அவள் நிரலை மூன்று தடவை படித்துவிட்டாள், தப்பே இல்லை. ஏவல் சரியாகத்தான் போகிறது, ஏவலாளுக்குச் சோறு போதவில்லை. புறப்படும்போதும் எதிலாவது மாட்டும்போதும் இந்தக் குட்டி மோட்டார் பல நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். யூஎஸ்பி வழியில் 500க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மின்னழுத்தம் சரிந்து பலகையே மயங்கி எழுகிறது.

நான்கு பென்சில் செல், மொத்தம் 6 வோல்ட், சர்வோவுக்குத் தனியாகக் கொடுத்தோம். இப்போது இன்னும் மோசம், கண்டபடி துள்ளியது. செல்லின் மைனஸையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் இணைக்க மறந்திருந்தோம். துடிப்பு எத்தனை வோல்ட் என்பதை எதிலிருந்து அளப்பது? இருவருக்கும் பொதுவான தரை இல்லாவிட்டால் ஏவல் வெறும் இரைச்சல்தான். ஓர் ஒயரைச் செருகியதும் அடங்கியது. மிச்சமிருந்த லேசான நடுக்கத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும்போது கொடுக்கும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து, செல்லுக்குக் குறுக்கே போட்டோம். பிரெட்போர்டையும் மாற்றினோம். கடற்காற்றில் இரண்டு வருஷம் கிடந்து அதன் துளைகளில் பச்சை பிடித்திருந்தது.

கேட் கீழே இறங்கியதும் ‘ர்ர்ர்’ என்று உறுமல், மோட்டாரும் சுட்டது. அவள் கொடுத்திருந்தது 0 டிகிரி. குச்சியோ அதற்கு முன்பே அட்டையில் முட்டிவிட்டது. வித்தியாசம் தீராதவரை சர்வோ விடாது, தள்ளிக்கொண்டே இருக்கும். எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற ஆளைப் பாராட்டுவோம், சர்வோ அப்படியல்ல. எள் என்றால் எள்தான், முடியாத இடம் என்றாலும் அந்த இடம்தான். 0க்குப் பதில் 12 என்று மாற்றினாள், உறுமல் நின்றது.

கடைகளில் ‘360 டிகிரி சர்வோ’ என்று விற்பதும் உண்டு. நிற்காமல் சுற்றும், துடிப்பின் நீளம் வேகத்தையும் திசையையும் மட்டும் சொல்லும், எங்கே நிற்கிறோம் என்று அதற்கே தெரியாது. அதை ஏவல் மோட்டார் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சார்ட்டில் அவள் பெரிதாக ‘ஏவல் மோட்டார்’ என்று எழுதி, அம்புக்குறி போட்டு, அதன்கீழ் சின்ன எழுத்தில் ‘சர்வோ’ என்று சேர்த்தாள்.