ரிப்பேருக்கு வந்த சட்டைகள்: ஒரு தையல் கூடத்தின் ஆண்டுக் கணக்கு

எங்களுடையது சிறிய தையல் கூடம். பருத்தியிலும் லினனிலும் சட்டை, குர்தா, பேன்ட், குழந்தைகள் உடை என்று அளவாகத் தைக்கிறோம். நாங்கள் தைத்தது கிழிந்தாலோ, பிரிந்தாலோ, உடம்பை இறுக்கினாலோ எங்களிடமே கொண்டுவரலாம், சரிசெய்து தருவோம். அப்படி வரும் ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் போனது, எதனால் போனது என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது வழக்கம். கடந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்க உட்கார்ந்தபோது, விற்பனைக் கணக்கைவிட இந்த நோட்டுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு: ‘இது ஆர்கானிக் பருத்தியா?’, ‘இயற்கைச் சாயமா?’ இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆனால் நோட்டைப் புரட்டினால், ஓர் உடை உடுத்தப்படாமல் நின்றுபோனதற்குப் பருத்தியின் வகை காரணமாக இருந்த பக்கங்கள் மிகக் குறைவு. அக்குளில் தையல் விட்டது, காலர் நைந்தது, துவைத்ததும் கை குட்டையானது, இடுப்பு இறுகியது. பக்கத்துக்குப் பக்கம் இவைதான். சுற்றுச்சூழலுக்கு நல்ல உடை எது என்று இன்று யாராவது கேட்டால், நெடுநாள் உடுத்தப்படும் உடை என்றுதான் சொல்வேன். அதற்கு அடுத்தபடிதான் மற்றதெல்லாம்.

காரணம் எளிது. பருத்தி விளையக் குடித்த தண்ணீர், நூற்பிலும் நெசவிலும் எரிந்த மின்சாரம், சாயப் பட்டறையில் வெளியேறிய கழிவுநீர் எல்லாம் உடை உங்கள் கைக்கு வரும் முன்பே செலவாகி முடிந்தவை. அதன் பிறகு உங்கள் கையில் இருப்பது, அந்தச் செலவை எத்தனை நாள் உடுத்திப் பங்குபோடுகிறீர்கள் என்பது மட்டுமே. கழிவைக் குறைக்கப் பாடுபடும் பிரிட்டனின் ராப் (WRAP) அமைப்பு 2012-ல் போட்ட கணக்குப்படி, ஓர் உடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதன் கார்பன், நீர், கழிவுச் சுமைகள் ஒவ்வொன்றும் 20 முதல் 30 சதவீதம் குறையும். நடப்பதோ இதற்கு நேர்மாறு. பொருள்களின் மறுபயன்பாட்டுக்காக இயங்கும் எலன் மெக்கார்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கை, ஓர் உடை கைவிடப்படும் முன் உடுத்தப்படும் தடவைகள் அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது.

மறுசுழற்சிக்குப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. உடைக்காகப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் உடையாகத் திரும்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே அறிக்கை சொல்கிறது. துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழைகள் அறுந்து நீளம் குறைந்துவிடுகின்றன. அந்தப் பஞ்சில் புதுப் பஞ்சையோ பாலியெஸ்டரையோ கலக்காமல் உறுதியான நூல் நூற்பது கடினம். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது இன்னும் பெரிய வேலை. மறுசுழற்சி பாலியெஸ்டர் என்று லேபிளில் வருவதும் பெரும்பாலும் பழைய உடையிலிருந்து வந்ததல்ல, பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்தது.

இனி தையல் மேசைக்கு வருகிறேன்.

சட்டையில் முதலில் நைவது காலர். பின்கழுத்தில் மடிப்பு விழும் அந்த ஒரே கோட்டில்தான் வியர்வை ஊறுகிறது, கழுத்து உரசுகிறது, துவைக்கும்போது பிரஷ்ஷும் அங்கேயே அழுந்துகிறது. உடம்புப் பகுதித் துணி திடமாக இருக்கும்போதே காலர் மட்டும் நூல் நூலாகப் பிரிந்து வரும். பழைய டெய்லர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். காலரையும் காலர் பட்டியையும் சேர்க்கும் தையலை மட்டும் பிரிக்கவேண்டும். நைந்த பக்கம் அடியில் போகும்படி காலரைத் திருப்பி, நடுவை நடுவோடு வைத்து ஊசி குத்தி, அதே கோட்டில் மீண்டும் தைக்கவேண்டும். அடிப்பக்கம் வெயிலே படாமல் இருந்ததால் நிறம் ஒரு சாயல் கூடுதலாகத் தெரியும். துவைக்கத் துவைக்க அந்த வேறுபாடு குறையும். அரை மணி நேர வேலையில் சட்டைக்கு இரண்டாவது ஆயுள்.

ஆனால் எல்லாச் சட்டையிலும் இதைச் செய்ய முடிவதில்லை. துணியை மிச்சம் பிடிக்க அடிக்காலரை இரண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள், அல்லது வேறு துணியில் வெட்டியிருப்பார்கள். உள்ளே விறைப்புக்காக வைக்கும் பசைக் கேன்வாஸை இஸ்திரி வைத்து ஒட்டியிருந்தால், மட்டமான பசை சில துவைப்புகளிலேயே விட்டுப்போய்க் காலர் குமிழ் குமிழாக எழும்பும். கடந்த ஆண்டு முழுக்க நாங்கள் அடிக்காலரையும் அதே துணியில், ஒரே துண்டாக வெட்டினோம். கேன்வாஸை ஒட்டாமல், தடித்த பருத்தித் துணியை உள்ளே வைத்துத் தைத்தோம். துணியும் நேரமும் கொஞ்சம் கூடத்தான் போகிறது. வருங்காலத்தில் யாரோ ஒரு டெய்லர் இந்தக் காலரைப் பிரிப்பார் என்று நினைத்துத் தைப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி.

இரண்டாவது, உள்தையலில் விடும் துணி. ஒரு பேன்ட்டின் பின்தையலை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் ஓர் அங்குலமாவது துணி இருந்தால், இடுப்பு பெருத்தாலும் பிரித்துவிட்டுத் தைக்கலாம். ஓவர்லாக் மெஷின் வெட்டிக்கொண்டே தைத்துப் போன உடையில் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, பிரிக்க வழியே இல்லை. நன்றாக இருக்கும் உடை அலமாரியில் முடங்குவதற்கு முதல் காரணம் உடம்பு மாறுவதுதான் என்று எங்கள் நோட்டு சொல்கிறது. பிள்ளை பெற்ற தாய்மார்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள், வளரும் குழந்தைகள் எல்லோருக்கும் அந்த ஓர் அங்குலம் பெரிய உதவி. குழந்தைகள் உடையில் கீழ் மடிப்பை இரட்டையாக விடுகிறோம். ஒரு மடிப்பைப் பிரித்தால் அடுத்த ஆண்டும் போடலாம்.

இதெல்லாம் தெரியாமல் யாரும் விட்டுவிடுவதில்லை. நேரம் கொடுப்பதில்லை, அதுதான் விஷயம். பீஸ் கணக்கில் கூலி என்றால் தைப்பவர் வேகத்தைத்தான் பார்க்க முடியும், தையலின் இரு முனையிலும் பின்னுக்கு ஓட்டிப் பூட்டுப் போட அவருக்கு நேரம் ஏது? பிரிந்து வரும் தையல்களில் பாதிக்கு மேல் முனையில் பூட்டில்லாதவை. எங்கள் கூடத்தில் மாதச் சம்பளம்தான், ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி முடித்தாகவேண்டும் என்ற விதி கிடையாது. பெரிய அளவில் இதே அவசரம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் காட்டியது. முந்தைய நாள் சுவரில் விரிசல் கண்டதும் கீழ்த்தளக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 24 காலையில் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கும் மேல் இறந்தார்கள். மலிவான, அவசரமான உடையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரையும் கார்பனையும் சொல்லிவிட்டு, தைத்த கைகளைச் சொல்லாமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தையல் நூலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ‘100 சதவீதம் பருத்தி’ என்ற லேபிள் பெரும்பாலும் துணியைப் பற்றியது மட்டுமே, தைத்த நூல் அநேகமாகப் பாலியெஸ்டர்தான். இதை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். அக்குள், பேன்ட் கவட்டை போன்ற இழுபடும் இடங்களில் வெறும் பருத்தி நூல் சீக்கிரம் அறுந்துவிடும். நாங்களும் அங்கே பாலியெஸ்டர் நடுவிழையின்மேல் பருத்தி சுற்றிய நூலைத்தான் போடுகிறோம், லேபிளிலும் எழுதுகிறோம். உடை முழுக்க மண்ணில் மக்கிவிடும் என்று மட்டும் சொல்வதில்லை. நூல் துணியைவிட வலுவாக இருப்பதும் ஆபத்து. இழுக்கும்போது நூல் அறுந்தால் மறுபடி தைத்துவிடலாம், துணி கிழிந்தால் ஒட்டுப்போடவேண்டும். அதனால் துணி மெல்லியதென்றால் நூலும் மெல்லியதாக இருக்கவேண்டும்.

துவைத்தால் துணி சுருங்குவது பழைய பிரச்சினை. நெசவிலும் அதற்குப் பின்னான வேலைகளிலும் இழுத்துப் பிடிக்கப்பட்ட துணி, முதல் துவைப்பில் தன் இயல்புக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். துணியை முன்கூட்டியே இயந்திரத்தில் சுருக்கிவிடும் முறைக்குச் சான்ஃபோர்ட் க்ளூயெட் 1930-ல் காப்புரிமை பெற்றார், சான்ஃபரைஸ் என்ற பெயர் அவருடையதே. கைத்தறித் துணிக்கு அந்த வசதி கிடையாது. வந்ததும் ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, பிழியாமல் காயவைத்து, அதன் பிறகே வெட்டுகிறோம்.

சாயத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் விவாதிக்கிறார்கள். அவுரி நீலத்தையும் மஞ்சிட்டிச் சிவப்பையும் எனக்கு மிகப் பிடிக்கும், விடப்போவதில்லை. அவுரி தண்ணீரில் கரையாது. புளித்த தொட்டியில் ஆக்சிஜன் நீங்கிய நிலையில்தான் கரைந்து மஞ்சள் பச்சையாக நூலில் ஏறும். காற்றுப் பட்டதும் நீலமாகி இழையின் மேற்பரப்பை ஒட்டியே தங்கிவிடும். அதனால்தான் உரசினால் கொஞ்சம் ஒட்டுகிறது. அது அவுரியின் சுபாவம், வாங்கும்போதே சொல்லிவிடுகிறோம். கறுப்பில்தான் நான் எச்சரிக்கையாக இருக்கிறேன். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து தரும் கறுப்பு கண்ணுக்கு அழகு. ஆனால் இரும்பு நாள்பட நாள்படப் பருத்தி இழையை இற்றுப்போகச் செய்யும். வேறொருவர் தைத்த அப்படிப்பட்ட உடைகள் ரிப்பேருக்கு வருகையில், நிறம் அப்படியே இருக்க, துணி விரல் பட்டாலே விட்டுக்கொடுக்கிறது. எனவே கறுப்புக்கு ரியாக்டிவ் என்ற செயற்கைச் சாயத்தையே தேர்ந்தெடுத்தோம். அது இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்வதால் துவைப்புக்குத் தாங்கும். ஒட்டாத சாயமும் உப்பும் கழிவுநீரில் போகும் என்பதால், அந்த நீரைச் சுத்திகரிக்கும் சாயப் பட்டறையில்தான் துணியைக் கொடுக்கவேண்டும். ஆர்கானிக் ஜவுளிக்கான ஜிஓடிஎஸ் தரச்சான்றே வரையறைக்கு உட்பட்ட செயற்கைச் சாயங்களை அனுமதிக்கிறது என்றால் பலர் வியக்கிறார்கள்.

எலாஸ்டேன் கலந்த துணியை இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டோம். இழுபடும் பேன்ட் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரப்பர் போன்ற இழை சூட்டிலும் குளோரின் ப்ளீச்சிலும் அறுந்து, முழங்கால் தொளதொளவென்று நின்றுவிட்டால் எந்த டெய்லராலும் அதை மீட்க முடியாது. அதற்குப் பதில் கவட்டையில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் தரையில் சம்மணமிட்டு உட்காரவும் இடம் கிடைக்கிறது.

கையிருப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்டர் வந்த பிறகே வெட்டுகிறோம், தாமதத்தை வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் விற்காத உடைகளை அழிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜூலை முதல் தடைசெய்யும் சட்டத்தை 2024-ல் கொண்டுவந்தது. புது உடையை அழிக்கக்கூடாது என்று சட்டம் போடவேண்டிய அளவுக்கு இந்தத் தொழில் மிகையாக உற்பத்தி செய்கிறது என்பது வேதனையான உண்மை.

இனி உங்கள் பங்கு. அடுத்த முறை உடை வாங்கும்போது உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமா, முனையில் பூட்டு இருக்கிறதா, பிரித்துவிட இடம் இருக்கிறதா, உபரி பட்டன் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவு சீராக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். துவைக்கும்போது உட்புறம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். ஒரு முறை போட்டதற்கெல்லாம் துவைக்கத் தேவையில்லை, காற்றாட மாட்டிவைத்தாலே பல உடைகளுக்குப் போதும். வியர்வை ஊறியதை மட்டும் அன்றே நனைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கிழியும்வரை காத்திருக்காதீர்கள். முழங்கை, முழங்கால், பேன்ட்டின் உட்தொடை ஆகிய இடங்களில் துணி மெலிந்து மறுபக்கம் வெளிச்சம் தெரியத் தொடங்கும்போதே கொண்டுவாருங்கள். அந்த நிலையில் அடியில் ஒரு துண்டு கொடுத்து, பாவு நூலை (துணியின் நீளவாட்டில் ஓடும் நூலை) ஒட்டியே நெருக்கமாகத் தையல் ஓடவிட்டால் வெளியே தெரியாது, சுற்றியுள்ள துணியும் தாங்கும். ஓட்டை விழுந்த பிறகு கொண்டுவந்தால் நைந்த பகுதியை வெட்டியெடுக்கவேண்டும், ஒட்டு பெரிதாகிவிடும். வெட்டிய ஒவ்வொரு துணியிலும் ஒரு முழத்தைத் தேதி எழுதி எடுத்துவைத்திருக்கிறோம், எனவே உங்கள் உடையின் அதே துணி எங்கள் அலமாரியில் இருக்கும்.