ரெஎம்: காண்டாமிருகமும் அல்ல, காட்டெருமையும் அல்ல

போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் 92ஆம் சங்கீதம் வாசித்தார்கள். "என் கொம்பைக் காண்டாமிருகத்தின் கொம்பைப்போல உயர்த்துவீர்" என்ற இடம் வந்ததும், பேச வந்தவர் காண்டாமிருகத்தைப் பிடித்துக்கொண்டார். அதன் தோல் தடிப்பு, ஒற்றைக் கொம்பு, தனியே திரியும் குணம் என்று கால் மணி நேரம் விளக்கினார். முடிந்ததும் பக்கத்திலிருந்த தம்பி ஒருவர் கைபேசியைப் பார்த்து, "ஐயா, அது காண்டாமிருகம் இல்லையாம், காட்டெருமையாம்" என்றார். எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். எனக்கு முதல் தவறைவிட இந்தத் திருத்தம்தான் அதிகம் உறுத்தியது. முதல் தவறுக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. இரண்டாவதற்கு நம் அசட்டை மட்டுமே காரணம்.

மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் ரெஎம். பழைய ஏற்பாட்டில் ஒன்பது இடங்களில் வருகிறது: எண்ணாகமத்தில் பிலேயாமின் வாக்கு, உபாகமத்தில் மோசேயின் ஆசீர்வாதம், யோபு, சங்கீதம், ஏசாயா. பண்டைய பாபிலோனிலும் அசீரியாவிலும் வழங்கிய அக்காதிய மொழியில் இதற்கு உறவான சொல் ரீமு. அதன் பொருளில் குழப்பமே இல்லை, காட்டுக்காளைதான். கி.மு. 1100ஐ ஒட்டி ஆண்ட அசீரிய அரசன் முதலாம் திக்லத் பிலேசர், பாலைவெளியில் நான்கு காட்டுக்காளைகளைக் கொன்று தோலையும் கொம்பையும் ஆசூர் நகருக்குக் கொண்டுவந்ததாகக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். நேபுகாத்நேச்சார் கட்டிய பாபிலோனின் இஷ்தார் வாசலில் வரிசை வரிசையாக நடக்கும் காளைகளும் இதே விலங்குதான். ஆங்கிலத்தில் ஆராக்ஸ் என்கிறார்கள். தோளுயரம் ஏறத்தாழ ஆறு அடி. கடைசி ஆராக்ஸ் போலந்தின் யாக்தோரோவ் காட்டில் 1627இல் இறந்தது. பூமியில் இன்று ஒன்றுகூட இல்லை.

அப்படியிருக்க ஒற்றைக் கொம்பு எங்கிருந்து வந்தது? கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் அலெக்சாந்திரியாவில் எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ரெஎம் வந்த இடங்களில் பெரும்பாலும் மோனோகெரோஸ், அதாவது ஒற்றைக்கொம்பன், என்று போட்டுவிட்டார்கள். இஷ்தார் வாசல் காளைகளைப் பாருங்கள், பக்கவாட்டில் நடப்பதால் ஒரு கொம்புதான் கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்ட சிற்பங்களிலிருந்து வந்த எண்ணமாக இருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, வழி பிறந்துவிட்டது. லத்தீனில் பெயர்த்த ஜெரோம் சில இடங்களில் காண்டாமிருகம் என்றும் சில இடங்களில் ஒற்றைக்கொம்பன் என்றும் எழுதினார். ஜெர்மனில் லூத்தரும், 1611இல் ஆங்கிலத்தில் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் கதைகளில் வரும் ஒற்றைக்கொம்புக் குதிரையின் பெயரையே வைத்தன. தமிழுக்கு வரும்போது, ஒற்றைக் கொம்புள்ள நிஜமான விலங்கு இந்தியாவிலேயே இருந்தது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த, இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில் காண்டாமிருகம் நிலைத்துவிட்டது. இல்லாத குதிரையைவிட இருக்கும் விலங்கு மேல். அவர்கள் கையில் அன்று அசீரியக் கல்வெட்டுச் சான்றெல்லாம் இன்றுபோல் தெளிவாக இல்லை. அந்த மூத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் வசனங்களே காண்டாமிருகத்தை மறுக்கின்றன. உபாகமம் 33:17இல் யோசேப்பின் கொம்புகள் ரெஎமின் கொம்புகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. எபிரெயத்தில் ரெஎம் ஒருமை, கொம்புகள் பன்மை. அந்த வசனமே யோசேப்பின் மகன்கள் வழிவந்த எப்பிராயீம், மனாசே என்ற இரண்டு கோத்திரங்களில்தான் முடிகிறது. ஒரு விலங்குக்கு இரண்டு கொம்பு இருந்தால்தான் அந்த உவமை நிற்கும். ஜேம்ஸ் மன்னர் பதிப்பு விலங்கைப் பன்மையாக்கிச் சமாளித்தது. 29ஆம் சங்கீதத்தில் கன்றுக்குட்டியும் ரெஎமின் குட்டியும் இணையாகத் துள்ளுகின்றன. ஏசாயா 34இல் ரெஎம் காளைகளோடு சேர்ந்து விழுகிறது. எபிரெயக் கவிதையில் அடுத்தடுத்த அடிகள் பல நேரம் ஒத்த பொருளையே திரும்பச் சொல்லும். மாட்டுக்குப் பக்கத்தில் அது மாட்டைத்தான் வைத்திருக்கிறது.

இன்றைய எபிரெயத்தில் ரெஎம் என்றால் அரேபிய ஓரிக்ஸ் மான். அரபியிலும் இதன் உறவுச் சொல் ஒருவகை மானைக் குறிக்கும். அதை வைத்து மான் என்று வாதாடுபவர்களும் உண்டு. யோபு 39ஆம் அதிகாரத்தைப் படித்தால் போதும். ரெஎமை ஏரில் பூட்டுவாயோ என்று தேவன் அங்கே யோபைக் கேட்கிறார். மானைப் பற்றி யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சரி, இப்போது காட்டெருமைக்கு வருவோம். எருமை என்பது கறுத்த தோலும் பின்னோக்கி வளைந்த கொம்பும் உள்ள, தண்ணீரில் ஊறிக் கிடக்கும் விலங்கு. மாடு வேறு, எருமை வேறு என்று பால் ஊற்றுபவரிலிருந்து சந்தைத் தரகர் வரை எல்லாருக்கும் தெரியும். அது காட்டில் வாழ்ந்தால் காட்டெருமை. அப்படி ஒன்று உண்மையாகவே அசாமின் சதுப்பு நிலங்களில் இருக்கிறது. அதற்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் விலங்கைக் காட்டெருமை என்று செய்தியில் எழுதுகிறோம். அது எருமையே இல்லை, மாட்டினம். மலையில் இருப்பவர்கள் காட்டுமாடு என்று சரியாகத்தான் சொல்கிறார்கள். அப்புறம் அமெரிக்கப் புல்வெளியின் பைசனும் காட்டெருமை, ஆப்பிரிக்காவில் சிங்கத்தை விரட்டும் விலங்கும் காட்டெருமை. இப்போது ரெஎமும் அதே தொழுவத்தில். ஐந்து விலங்குக்கு ஒரே பெயர் வைத்தால் அது பெயராக இருக்காது, "கொம்பு வைத்த ஏதோ ஒன்று" என்று கை காட்டுவதாகத்தான் இருக்கும். டப்பிங் செய்யும் விலங்குப் படங்களில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. மாட்டைக் கொண்டாடி வளர்த்த மொழி இது. ஏறு, பகடு, எருது, காளை, விடை என்று ஆண்மாட்டுக்கு மட்டும் இத்தனை சொல் வைத்திருக்கும் மொழியில், ஒரு காளையைச் சொல்ல எருமையைக் கடன் வாங்க வேண்டுமா?

ரெஎம் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் கனமானது. ஆராக்ஸ்தான் வீட்டு மாட்டின் மூதாதை. வேதம் பேசும் மேற்காசியப் பகுதியின் மாடுகள் மேற்கத்திய ஆராக்ஸிலிருந்து வந்தன. நம் திமில் காளைகள், இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்ந்து மறைந்த இன்னொரு ஆராக்ஸ் கிளையிலிருந்து வந்தன. வாடிவாசலில் துள்ளி வரும் காளைக்கும் ரெஎமுக்கும் இரத்த உறவு உண்டு, எருமைக்கு அந்த நெருக்கம் இல்லை. யோபு புத்தகத்தில் தேவன் கேட்கும் கேள்வி முழுக்க இந்த உறவின்மேல்தான் நிற்கிறது. தொழுவத்தில் நிற்கும் காளையைப் போலவே இருக்கிறதே, இதை உன்னால் பழக்க முடியுமா என்பதுதான் கேள்வி. காண்டாமிருகம் என்று போட்டால் கேள்வி அபத்தமாகிறது. காட்டெருமை என்று போட்டால் ஒப்பீடு வேறு விலங்குக்குப் போய்விடுகிறது.

ஆமா என்ற பழஞ்சொல்லைச் சொல்லும் நண்பர்கள் உண்டு. திருமுருகாற்றுப்படையில் "ஆமா நல் ஏறு சிலைப்ப" என்று அருவிக் காட்சியில் வருமே, அதே சொல். எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் அது நம் மலைக்காட்டு மாட்டின் பெயர். அதை நீலகிரிச் செய்திக்கு முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை ரெஎமுக்கு வைத்தால், நம் காட்டு விலங்கை லீபனோனுக்கு ஓட்டிவிட்ட பழைய தவறையே மறுபடி செய்தவர்கள் ஆவோம். சபையில் வாய்விட்டு வாசிக்கும்போது "ஆமாம்" என்று காதில் விழும் சிக்கலும் இருக்கிறது. காட்டெருது என்பதும் தவறில்லை. ஆனால் எருது என்றதும் ஏரில் பழகிய மாடுதான் நினைவுக்கு வருகிறது. பழகாததைச் சொல்ல அது சற்றுச் சாதுவான சொல்.

வேதத்தின் மற்ற புதிர் விலங்குகளில், யோபு புத்தகத்தில் வரும் பிகெமோத்தையும் லிவியாதானையும் தமிழில் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவைத்தார்கள். நீர்யானையா, முதலையா என்ற வாதம் வெளியே நடக்கட்டும், வசனம் மூலத்தின் பெயரோடு நிற்கிறது. ரெஎமுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை, விலங்கு தெரிந்துவிட்டது. காட்டுக்காளை என்பதே போதும். சிறு பிள்ளைக்கும் புரியும், கொம்பு இரண்டு, பலம் உண்டு, மூக்கணாங்கயிறு இல்லை. பவர் பதிப்பின் முன்னணை (மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி), போரடித்தல் போன்ற அருமையான சொற்களைத் தொட வேண்டியதே இல்லை. ஒரு சொல்லை மட்டும் மாற்றி யோபு 39ஐ வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தேன்: "காட்டுக்காளை உன்னிடத்தில் சேவிக்கச் சம்மதிக்குமோ? அது உன் முன்னணையண்டையில் இராத்தங்குமோ?"