பபூன்: சொல்லும் சிரிப்பும்

மட்டக்களப்பின் படுவான்கரையில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் ‘பபூன்’ வேற்றுச் சொல் அல்ல. அரசன் வரவுக்கும் மந்திரி வரவுக்கும் நடுவே, கண் சொருகும் நேரம் பார்த்துக் கூத்தாடும் களரிக்குள் புகுந்து சனத்தை எழுப்பிவிடுகிறவர் அவர். அது தமிழ்ச் சொல்தான் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

பிறந்த இடம் இத்தாலி. அங்கே ‘புஃபாரே’ என்றால் கன்னத்தை உப்பி ஊதுதல். அப்படி ஊதிக்காட்டிச் சிரிப்பு மூட்டியவன் ‘புஃபோனே’. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலேயர் காலத்து நாடக மேடையோடு நம்மிடம் வந்தது. ஆங்கிலத்தில் இன்று அது வசை. நம் களரியில் அது ஒரு பாத்திரத்தின் பெயர், அவ்வளவுதான்.

இதற்கு ஈடாகத் தமிழில் சொற்கள் பல. ‘கோமாளி’க்குப் பின்னால் ‘கோமாளம்’ நிற்கிறது: குதித்துக் களித்தல். ‘விதூடகன்’ வடமொழி, பழிப்பவன் என்ற பொருள் அதன் வேரிலேயே இருக்கிறது. புகார் நகரின் இருக்கைகளை அடுக்கும் சிலப்பதிகாரம் ‘நகைவேழம்பர்’ என்கிறது. அழகான சொல்; ஆனால் இன்று எழுதினால் பக்கத்தில் விளக்கமும் எழுதவேண்டும். பத்திரிகைகளுக்கு ‘நகைச்சுவையாளர்’ கைவந்துவிட்டது.

இவற்றில் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நகை எதனால் பிறக்கும் என்று தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளலை, அந்நூலின் பழைய உரைகாரரான பேராசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது மற்றொன்று.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷப்பெல்லின் கதை இந்தப் பிளவில்தான் நடந்தது. 2003இல் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி கறுப்பின மக்கள் மீதான மூட எண்ணங்களை எள்ளியே பெயர் வாங்கியது. 2004இல் ஏறத்தாழ 5 கோடி டொலர் ஒப்பந்தம். மூன்றாம் பருவத்துக்காக முகத்தில் கரி பூசி அவர் ஒரு குறுநாடகம் நடித்தபோது, படப்பிடிப்பில் இருந்த வெள்ளையர் ஒருவர் சத்தமாக, நெடுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஷப்பெல்லுக்கு உறுத்தியது. மூட எண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கிறாரா, என் மக்களைப் பார்த்துச் சிரிக்கிறாரா? 2005இல் வேலையைப் பாதியில் விட்டுத் தென்னாபிரிக்காவின் டர்பன் நகருக்குப் போய்விட்டார். போதைப்பழக்கம் என்றார்கள், மனநோய் என்றார்கள். அவ்வளவு பணத்தைத் தெளிந்த புத்தியோடு ஒருவர் விடுவார் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் நினைவுக்கு வந்தது. கமுகம் பாளையில் தொப்பி வைத்த பபூன் ஒருவர், சங்கக்கடையில் தராசை விரலால் அழுத்தி நிறுப்பதை நடித்துக்கொண்டிருந்தார். தராசுக்கு உரியவரே முன்வரிசையில் இருந்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். அப்போது பின்னாலிருந்து ஓர் இளைஞன், கூட்டத்தில் இருந்த கால் ஊனமான ஒருவரைக் காட்டி, அவர் நடப்பதுபோல் நடக்கச் சொல்லிக் கத்தினான். சிலர் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பபூன் சற்று நின்றார். “மருமகன், அந்த ஆட்டத்துக்கு என்னிடம் தாளக்கட்டு இல்லை” என்றார். பாளைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மத்தளக்காரருக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிட்டார். கூத்தை நடத்தும் அண்ணாவியார் அடுத்த வரவைப் பாடத் தொடங்கினார். அன்றிரவு பபூன் மறுபடி களரிக்குள் வரவில்லை, எங்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆகவே, ஷப்பெல்லைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘நகைச்சுவையாளர்’ என்றே எழுதட்டும். ஆங்கில வசைக்குக் ‘கோமாளித்தனம்’ போதும். ‘பபூன்’ என்பதைத் தமிழாக்கப் போகிறேன் என்று யாரும் களரிக்குள் இறங்க வேண்டாம். பாளைத் தொப்பிக்காரரை ஊரார் கடைசிவரை அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.